லோகனை இறக்கிய மேளம்

1

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து, கடையைப் பெருக்குவதற்கு முன் தரையில் கிடக்கும் முடியைப் போலத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றுவரை குழப்பம். தட்டச்சு செய்கிறவர் பொறுமையாகத் திருத்திக்கொள்ளட்டும்.

நம் ஊரில் இந்தப் பத்திரிகையை நடத்தும் நண்பர், மலாக்கா வாழ்க்கையைப் பற்றி எழுதும்படி பல வருடங்களாகப் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார். சரி என்பேன். எழுத மாட்டேன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன், நானூறு பேர் படிக்க எதை எழுதுவது?

இப்போது எழுதக் காரணம் ஒன்று நடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் என் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு காலையும் தூக்கிக் கால்மிதியில் வைத்தார். அவ்வளவுதான். ஆனால் அந்த இடது கால் அந்த மிதியில் ஏறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அது அந்த நிலைமைக்குப் போனதில் என் வாய்க்கும் பங்கு உண்டு. பேச வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டிருந்த வாய்.

2

டுரியான் துங்கால், மலாக்கா மாநிலத்தில் ஒரு சின்ன டவுன். என் முடிதிருத்தும் கடையில் இரண்டு நாற்காலிகள், ஒரு ரேடியோ. இங்கே என் பெயர் யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களை இங்குள்ளவர்கள் "ஊர்க்காரர்" என்பார்கள். வந்து இருபது வருடம் ஆகியும் நான் ஊர்க்காரர்தான். வந்த புதிதில் எல்லோரும் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார்கள். என்னைப் பார்த்தால் பட்டினி கிடக்கிறவன் மாதிரி இருக்கிறதோ என்று கூச்சமாக இருக்கும். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

என் மனைவி சாந்தி இந்த நாட்டில் பிறந்தவள், தோட்டத் தொழிலாளர் குடும்பம். அவளுடைய கணவன் என்ற பேரில்தான் எனக்கு இங்கே இருக்க அனுமதி. அதைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அவள் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். நிரந்தரவாசிக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டைக்கு, இங்கே சொல்கிற ஐசிக்கு, மனுப் போட்டுக் காத்திருக்கிறேன். ஒருமுறை குடிநுழைவு அலுவலகத்துக் கவுண்டரில் இருந்த மலாய்க்கார அம்மா என்ன தொழில் என்று கேட்டார். நான் பதற்றத்தில் மலாயில் "தலை வெட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா சிரித்துச் சிரித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்துக் கவுண்டருக்கும் சொன்னார். சாந்தி மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் சொன்னாள்:

"ஐசி கையில வர்ற வரைக்கும் நீங்க வாயே தொறக்காதீங்க. ஒரு எடத்துலயும். ஒரு வம்புலயும்."

அது எனக்கு மிகவும் வசதியான உத்தரவு.

3

நம் பக்கத்தில் கபடி, கைப்பந்து. இங்கே கால்பந்துதான் எல்லாம். சாந்தியின் அண்ணன் முனியாண்டிக்கு அதைவிட ஒரு படி மேலே உறுமி. குருபோங் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மற்ற நேரமெல்லாம் உறுமி மேளக் குழு. கோவில் திருவிழாவில் அவர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமவிட்டால், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவனுக்கும் தோள் ஆடும்.

நான் கூச்சப்படுகிறேன் என்று பார்த்து, என் கையில் ஒரு ஜோடி வெண்கலத் தாளத்தைக் கொடுத்துவிட்டார். "பேச வேணாம் மாப்ள. இத அடிச்சிக்கிட்டு என் பின்னாடி நில்லு" என்றார். அப்படித்தான் நானும் குழுவில் ஒரு ஆள் ஆனேன்.

மச்சானிடம் நான் வியந்து பார்த்தது அவருடைய வேகத்தை அல்ல. சாமி வந்து ஆடுகிறவரை எப்படிக் கீழே கொண்டுவருகிறார் என்பதை. ஆடுகிறவரின் முகத்தைப் பார்க்கவே மாட்டார், காலைத்தான் பார்ப்பார். கால் தடுமாறத் தொடங்கியதும் அடியை மாற்றுவார். சட்டென்று நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் ஆள் அப்படியே விழுந்துவிடுவார் என்பார். ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தி, தளர்த்தி, கடைசியில் அந்த ஆள் தானாக உட்கார்ந்து தண்ணீர் கேட்கும்வரை மெதுவாக அடித்துக்கொண்டே இருப்பார். இதை அவர்கள் இறக்குமேளம் என்கிறார்கள்.

"ஏத்துறத எவனும் ஏத்திருவான் மாப்ள. எறக்கத் தெரியணும்லா."

இந்தக் குழுதான் கால்பந்து ஆட்டத்துக்கும் மேளம் அடிக்கப் போகும். நாங்கள் அடிப்பது மாநிலத்தின் பெரிய அணிக்கு இல்லை. அதற்குக் கீழ்நிலையில் சம்பளத்துக்கு ஆடும் ஒரு கிளப். பெயர் வேண்டாம். எங்களுக்கு அந்தக் கிளப் என்றால் லோகன்தான். பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா இங்குள்ள பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை செய்கிறார். லோகன் இடது ஓரத்தில் ஆடுவார். அவர் காலில் பந்து பட்டதும் மச்சான் உறுமியைத் தேய்ப்பார். மேளம் ஏற ஏற லோகன் ஓடுவார். எதிர் அணி ஆட்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து வலைக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த ஓட்டத்தைச் சொல்ல என் ஐந்தாம் வகுப்புத் தமிழ் போதாது. என்னைவிட இருபது வயது இளையவர். நேரில் "தம்பி" என்பேன். எழுதும்போது "அவர்" என்றே வருகிறது.

4

ஆட்ட நாளில் காலையிலேயே லோகன் கடைக்கு வந்துவிடுவார். பக்கவாட்டில் ஏற்றி வெட்டி, ஷேவ் செய்து, தலையைப் பிடித்துவிட்டு, கழுத்தில் நெட்டி எடுக்க வேண்டும். அதுதான் முறை.

போன வருடம் ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்தார். வலது கால் மிதியில் ஏறியது. இடது கால் தரையில் நீட்டியபடியே கிடந்தது. மடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"என்ன தம்பி, கால்?"

"முட்டி கொஞ்சம் வீங்கிருக்குண்ணே. கிளப்புல ஊசி போடுறாங்க. ஆட்டம் முடியற வரைக்கும் தாங்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த ஆட்டம்." சிரித்தார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி சொன்னார்: "வேற மாநிலத்துப் பெரிய கிளப்புலேர்ந்து என்னப் பாக்க வர்றாங்கண்ணே. மூணு ஆட்டம் பாப்பாங்களாம். நொண்டுறேன்னு தெரிஞ்சா எங்க மொதலாளிக்கும் போச்சு, எனக்கும் போச்சு. என்ன விக்கிற வரைக்கும் ஓடித்தான் ஆவணும்."

விக்கிற என்ற சொல்லை அவர் சாதாரணமாகச் சொன்னார். எங்கள் பக்கம் ஆட்டுச் சந்தையில் மட்டும் கேட்ட சொல்.

தலையைப் பிடித்துவிடும்போது கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

"ஊசி பாதி ஆட்டத்துலயே எறங்கிருதுண்ணே. அதுக்கப்புறம் உங்க மச்சான் உறுமிதான். அது கேட்டா கால் தானா ஓடுது. வீட்டுக்கு வந்தாத்தான் வலி தெரியுது." சட்டென்று கண்ணைத் திறந்தார். "யாருகிட்டயும் சொல்லிராதீங்க. உங்க மச்சான்கிட்ட சொல்லவே சொல்லாதீங்க. மேளத்த நிறுத்திருவாரு."

கையில் சவரக் கத்தியோடு தலையாட்டினேன். இந்த நாற்காலியில் கேட்டது முடியோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பழக்கம். சாந்தியின் உத்தரவும் இருந்தது. வாய் திறக்காமல் இருக்க எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அன்று மாலை ஆட்டத்தில் அவருக்காகத் தாளம் போட்டேன். அடுத்த ஆட்டத்துக்கும் போட்டேன். இரண்டிலும் ஜெயித்தோம். நானும் கத்தினேன்.

5

மூன்றாவது ஆட்டம், கோவில் ஆடித் திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு. காலையில் ஷேவுக்கு வந்தபோது லோகன் நாற்காலியில் உட்காரவே என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. சோப்பைக் குழைத்தேன்.

சாந்திக்கு அன்று வேலை. அதனால் மகள் கவிதாவையும் திடலுக்கு அழைத்துப்போனேன். பதினைந்து வயது. வீட்டில் என்னோடு பேசுவது குறைந்துவிட்டது. நான் தமிழில் கேட்டால் பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் பதில் வரும். இங்கிலாந்து ஆட்டக்காரர்களின் காலணி அளவுவரை தெரியும். "லோக்கல் டீம யாருப்பா பாக்குறா" என்று சொல்லி, படிக்கட்டில் எனக்குப் பக்கத்தில் போனோடு உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் தாழ்ந்த நேரம். முதல் பாதியில் லோகன் நன்றாகத்தான் ஓடினார். இடைவேளைக்குப் பிறகு, யாரும் தொடாமலேயே தனியாக விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். கூட்டம் ஊளையிட்டது. எங்களுக்குக் கீழ்ப்படியில் லாரி ஓட்டும் பெருமாள் அண்ணன் இருந்தார். கிளப் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கத்தினார்:

"நடிக்கிறான்லா! படுத்துக்கிட்டே சம்பளமா? எங்க லாரி கம்பெனில அப்படி ஒரு வேல இருந்தா சொல்லு தம்பி!"

எல்லோரும் சிரித்தார்கள். கவிதா போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"நடிக்கலப்பா அவரு. பாருங்க, லெஃப்ட் கால ஊனவே இல்ல."

நான் மூன்று வாரமாக மறைத்ததை அவள் மூன்று நிமிடத்தில் பார்த்துவிட்டாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் ஆளை மாற்றவில்லை. எழுந்திரு, எழுந்திரு என்று கையைத்தான் காட்டினார்கள். மேலே நல்ல நாற்காலிகளில் புதிதாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிளப் முதலாளி அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் எங்களைப் பார்த்து "உறுமி! உறுமி!" என்றது. மச்சான் தேய்த்தார். மேளம் ஏறியது. லோகன் எழுந்து ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் என் இரண்டு கைகளும் விலகி நின்றுவிட்டன. தாளம் சேரவில்லை.

மச்சான் திரும்பினார். "மாப்ள, தாளம் எங்க?"

மேளச் சத்தத்தில் மெதுவாகச் சொல்ல முடியாது. அவர் காதருகே போய் வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தினேன்.

"மச்சான், அவருக்கு முட்டி போச்சு! ஊசி போட்டு ஓடுறாரு. ஊசியும் இந்நேரம் எறங்கிருக்கும். இப்ப அவர ஓட்டுறது நம்ம மேளம்தான்!"

"ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மூணு ஆட்டமா."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன். பிறகு லோகனைப் பார்த்தார். முகத்தை அல்ல, காலை. திருவிழாவில் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

அடி மாறியது. குழுவில் மற்றவர்கள் திடுக்கிட்டார்கள். கோவிலுக்கு வெளியே அந்த அடியை யாரும் அடித்ததில்லை. ஆனாலும் மச்சானின் குச்சியைப் பார்த்து ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். ஒரு சுற்றுத் தளர்ந்தது. இன்னொரு சுற்று. நானும் தாளத்தைச் சேர்த்தேன். "என்னாலா, தூங்கிட்டீங்களா?" என்று யாரோ கத்தினார்கள். மச்சான் காதில் வாங்கவில்லை.

கோட்டோரத்தில் ஓடிக்கொண்டிருந்த லோகன் நின்றார். தோட்டத்தில் பிறந்தவர். நடை பழகிய நாளிலிருந்து அந்த அடியைக் கேட்டவர். எங்கள் பக்கம் திரும்பி, வேண்டாம் என்பதுபோல ஒருமுறை தலையை ஆட்டினார். மச்சான் அடியை மாற்றவில்லை. இறக்கிக்கொண்டே போனார். லோகனுக்கு வந்த பந்து அவரைத் தாண்டி வெளியே உருண்டது.

லோகன் புல்லில் உட்கார்ந்தார். விழவில்லை, உட்கார்ந்தார். இடது காலணியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். முட்டியில் சுற்றியிருந்த கட்டைப் பிரித்தார். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு முட்டி தெரிந்தது. அங்கே தொடங்கிய அமைதி படிப்படியாக மேலே ஏறி வந்தது. பெருமாள் அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். பெஞ்சிலிருந்து எழுந்திரு என்று கத்தினார்கள். லோகன் முடியாது என்று கைகாட்டினார். மேலே பெரிய மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தன் விலை தன் கண் முன்னாலேயே போவது தெரிந்தும், ஒரு மனிதர் புல்லில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அவர் போட்ட அத்தனை கோல்களும் எனக்கு அதற்குப் பிறகுதான்.

ஸ்ட்ரெச்சர் கோட்டைத் தாண்டும்வரை மேளம் நிற்கவில்லை. படிக்கட்டிலிருந்து இறங்கி ஓடிய அவருடைய அம்மா கொடுத்த தண்ணீரை லோகன் குடித்த பிறகுதான் மச்சான் கடைசி அடியை அடித்தார்.

6

வேனில் வீடு திரும்பும்போது கவிதா கேட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன்பா தாளம் போட்டீங்க?"

சாந்தியிடம் சொல்ல ஐசி இருந்தது. லோகனிடம் சொல்ல வாக்கு இருந்தது. இவள் கேட்டதோ தாளத்தைப் பற்றி.

அறுவை சிகிச்சை நடந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் நடப்பதே சிரமமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக லோகனின் அம்மா மச்சானிடம் சொன்னார். பெரிய கிளப் அவரை எடுக்கவில்லை. இருந்த கிளப்பும் விட்டுவிட்டது. இனிமேல் மேளம் கொண்டு வரக்கூடாது என்று எங்களுக்கு ஆள் விட்டுச் சொன்னார்கள். சொல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டோம். முன்பு என் கடையில் வாரம் முழுவதும் லீக் பேச்சுத்தான். இப்போது யாராவது தொடங்கினால் பெருமாள் அண்ணன் முடித்துவிடுவார்: "உடு ஊர்க்காரரே. அவனுங்க ஆள வித்தானுங்க. நம்ம கைதட்டுனோம்." அவருடைய கிளப் துண்டு இப்போது லாரிக் கண்ணாடி துடைக்கிறது.

அவர் சொல்வது சரிதான். முதலாளிக்கு லோகனை விற்க வேண்டியிருந்தது. எங்களுக்கு அவர் ஓட வேண்டியிருந்தது. முட்டி இரண்டு பேருக்கும் நினைவில் இல்லை.

மச்சான் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஒருநாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "செரச்சு உடு. பேசாம செரச்சு உடு. அது ஒனக்கு நல்லா வரும்" என்றார். கோபம் தீர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். சம்பளத்துக்கு நடக்கும் எந்த ஆட்டத்துக்கும் அவர் உறுமியைத் தூக்குவதில்லை. ஞாயிறு மாலை, தாமான் என்கிற எங்கள் குடியிருப்பின் திடலில் தொழிற்சாலை ஆட்கள் தொப்பையோடு ஆடும் ஆட்டத்துக்கு மட்டும் கொண்டுவருகிறார். யாராவது மூச்சு வாங்கினால் உடனே இறக்கிவிடுகிறார். ஆட்டம் பாதி நேரம் இறக்குமேளத்திலேயே போகிறது.

கவிதா இன்னும் இங்கிலாந்து ஆட்டம்தான் பார்க்கிறாள். ஆனால் யாராவது விழுந்தால் என்னைக் கூப்பிடுகிறாள். "அப்பா, இங்க வாங்க. இவருக்கு எந்தக் கால், பாத்துச் சொல்லுங்க." நான் பார்த்துச் சொல்கிறேன். சில நாள் அதுதான் நாங்கள் பேசும் முழுப் பேச்சு. எனக்கு அது போதும்.

லோகன் மட்டும் ஒரு வருடம் வரவே இல்லை. பக்கத்து ஊர் புக்கிட் பெருவாங்கில் வேறு கடையில் முடி வெட்டிக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டேன். நியாயம்தான். சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவரின் வாழ்க்கையை, ஒரு திடல் முழுக்கப் பார்க்கச் சொல்லிவிட்டவன் நான்.

7

போன ஞாயிறு காலை ஒரு ரொட்டி வேன் கடைக்கு முன்னால் நின்றது. லோகன் இறங்கினார். கொஞ்சம் சாய்ந்த நடை, ஆனால் யாரையும் பிடித்துக்கொள்ளாத நடை. உட்கார்ந்தார். வலது கால் ஏறியது. இடது கால், மெதுவாக மடங்கி, ஏறியது.

"இப்ப மேனுவல் வேன்தாண்ணே ஓட்டுறேன். கிளட்சு மிதிக்க முடியுது."

துணியைப் போர்த்திவிட்டேன். கத்தியை எடுக்காமல் சீப்பை எடுத்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு மச்சான்கிட்ட சொன்னது நீங்கதானே?"

"நாந்தான் தம்பி."

"சொல்லாதீங்கன்னு சொன்னேன்."

"ஆமா."

ரேடியோவில் ஏதோ விளம்பரம் ஓடியது. அவர் தன் இடது முட்டியைத் துணிக்கு மேலேயே ஒருமுறை தடவிக்கொண்டார்.

"ரெண்டு ஆட்டம் லேட்டுண்ணே" என்றார்.

பிறகு கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்தார். "பக்கத்துல நல்லா ஏத்தி வெட்டுங்க. நெட்டிய மறந்துராதீங்க."

வெட்டினேன். அவர் சொன்னதைத் தரையில் விழுந்த முடியோடு பெருக்கித் தள்ள முடியவில்லை. செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை, ஊர்ப் பழக்கத்தை நான் இன்னும் விடவில்லை. அதனால் இன்று உட்கார்ந்து எழுதினேன், வழக்கம்போலத் தாமதமாக.

டுரியான் துங்கால்,
ஆவணி மூன்று, செவ்வாய்க்கிழமை.